இடுப்பு, இல்லாவிட்டால் பெட்டகம்

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அன்ரி, நீங்கள் ஆரையாவது சுட்டிருக்கிறீங்களோ?" இல்லை. ஒரு நுளம்பைக்கூட இல்லை. பயிற்சிக் களத்தில் காகித இலக்கைச் சுட்டிருக்கிறேன். அதிலும் பாதி சுவரில்தான் பட்டது.

மேற்குச் சிட்னியில் ஆயுதக் காவலர்களை அனுப்புகிற ஒரு கொம்பனியின் ஆயுத அறையில் என் வேலைக்காலம் போனது. தடித்த கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் இருந்து காலையில் துப்பாக்கியைக் கொடுப்பேன், பின்னேரம் திருப்பி வாங்குவேன். நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குவதுபோலத்தான். என்ன, புத்தகம் பிந்தினால் கொஞ்சம் தண்டப்பணம், துப்பாக்கி பிந்தினால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். இந்த வேலை கிடைத்த அன்று என் மனுசன் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அங்கை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இங்கை நீர் துவக்குக்குக் காவலே?" என்றார்.

ஓய்வு எடுத்த பிறகும் புது ஆட்கள் வரும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு கதிரை போட்டுத் தருகிறார்கள். சட்டப் பாடத்தை வேறு ஆள் எடுப்பார். அதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் இருந்த காலத்திலேயே அது எத்தனையோ தரம் மாறியது. இந்த அன்ரி சொன்னா என்று எவரும் நடக்கக்கூடாது. நான் சொல்லப்போவது பாடத்தில் வராத பகுதி. தெரிந்த சட்டத்தை நல்ல மனிதர்கள் எப்படி மறக்கிறார்கள் என்பது.

முதலில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். மெல்பேர்னில் ட்ருகனினாவில் என் தங்கச்சி வீடு. பெண்கள் உள்ளே, ஆண்கள் எல்லோரும் கராஜுக்குள் பார்பிகியூ அடுப்பைச் சுற்றி. நான் இறைச்சி எடுக்கப் போனேன். என் வேலை என்னவென்று தங்கச்சி புருசன் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அங்கிருந்த அத்தனை பேரும் சட்டத்தரணிகள் ஆகிவிட்டார்கள்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவர் ஆரம்பித்தார். கார் என்பது வீட்டின் நீட்சிதான், வீட்டில் வைத்திருக்க உரிமை இருந்தால் காரிலும் வைத்திருக்கலாம் என்றார். இன்னொருவர், ரவை போடாத துப்பாக்கி வெறும் இரும்புத் துண்டு, அதை எங்கேயும் கொண்டு போகலாம் என்றார். மூன்றாமவர் காரின் முன் ஆசனத்துக்கு எதிரே இருக்கிற குளோவ் பொக்ஸில் போட்டுப் பூட்டினால் போதும் என்று தீர்ப்பு எழுதினார். நான்காமவர் உண்மையிலேயே பிஸ்டல் கிளப்பில் உறுப்பினர், லைசென்ஸ் வைத்திருக்கிறவர். இரவுவேலைக்குத் தனியே போகும்போது பாதுகாப்புக்கு அதைக் காரில் வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். நான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்த நாட்டில் தற்பாதுகாப்புக்கு வேண்டும் என்று கேட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கவே முடியாது. கிளப்காரர் கிளப்புக்கும் வீட்டுக்கும் இடையில் கொண்டு போகலாம், அதுவும் ரவை இல்லாமல், பூட்டிய பெட்டிக்குள், வெளியே தெரியாமல், ரவையைத் தனியாக வைத்து. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. விக்டோரியாவில் படித்ததை வைத்துக்கொண்டு நியூ சவுத் வேல்ஸ் எல்லையைத் தாண்டக்கூடாது. லைசென்ஸ் என்பது ஒரு காரணத்துக்குக் கொடுப்பது, காரணம் முடிகிற இடத்தில் அதுவும் முடிந்துவிடும். குளோவ் பொக்ஸ் என்பது ரிஷு பேப்பரும் இஞ்சி மிட்டாயும் வைக்கிற இடம். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். பிறகு ஃபோர்க்லிஃப்ட்காரர் இறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஆனால் அன்ரி, டெக்சாஸிலை என்ரை மச்சான்..." என்று தொடங்கினார். செவிடன் காதில் சங்கு ஊதிய மாதிரி என்பார்களே, அன்றைக்கு நான் ஊதிய சங்கு அது.

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கராஜில் ஒரு கெட்டவன்கூட இல்லை. எல்லோரும் வரி கட்டி, வேக எல்லைக்குள் கார் ஓட்டுகிற ஆட்கள். தவறான நம்பிக்கைகள் இப்படிப்பட்ட ஆட்களின் வாயில்தான் வசதியாகக் குடியிருக்கின்றன.

இனி எனக்கு வேலை பழக்கியவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன் அந்த அறையைப் பார்த்தவள் அவள். என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவள், இரண்டு கையிலும் பச்சை குத்தியவள், பெரிய கோப்பி ஒன்று குடித்து முடிக்கும்வரை எவரோடும் பேசமாட்டாள். பெயரைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். முதல் நாளே என்னிடம் சொன்னாள். துப்பாக்கி இருக்க இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று காவலரின் இடுப்பு, இல்லாவிட்டால் இந்தப் பெட்டகம். எங்கே என்று கேட்டதும் இந்த இரண்டில் ஒன்று பதிலாக வரவேண்டும். வேறு எந்த இடத்தைச் சொன்னாலும் அது தொலைந்த துப்பாக்கி. எனக்குப் பெரிய ஆங்கிலம் தெரியாத காலம் அது. ஆனால் அவள் தன் இடுப்பையும் பெட்டகத்தையும் மாறி மாறிக் காட்டியது விளங்கியது.

அடுத்த கிழமையே அது என்னவென்று பார்த்தேன். ஒரு காவலர் வேலை முடிந்து சாளரத்துக்கு வந்தார். முதுகு வலி என்று பெல்ட்டைக் கழற்றிக் காரில் வைத்திருந்தார். கார் எங்கள் வாசலில்தான் நின்றது, கண்ணாடியால் பார்த்தால் தெரிந்தது. அவள் கேட்டாள், எங்கே? காரில், இதோ எடுத்து வருகிறேன் என்றார் அவர். அவள் சாளரத்தை மூடிவிட்டு மேலாளரை அழைத்து, ஒரு துப்பாக்கி தொலைந்துவிட்டது என்று அறிவித்தாள். காவலர் ஓடிப்போய் எடுத்துவந்து கண்ணாடியைத் தட்டுகிறார், இவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது, இவளுக்கு மண்டைக் கனம் என்று நினைத்தேன். பிறகு கேட்டேன், கண்ணுக்கு முன்னால் நிற்கிற காரில் இருப்பதை ஏன் தொலைந்தது என்றாய் என்று. கார் நகரும், கார் களவு போகும், காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று உடனே சத்தமாகச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றாள். பிறகு அவள் குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டாள். நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை, ஏனென்றால் எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எதற்கு என்று தெரியவைத்தவன் கதிரவன்.

மதுரைப் பக்கத்துப் பையன். இலங்கைப் பெடியள் எல்லோரும் என்னை அன்ரி என்பார்கள், இவன் மட்டும் அக்கா என்பான். அதற்காகவே அவனை எனக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஏ.டி.எம். இயந்திரம் பழுதானால் திருத்துகிற ஆள் அதைத் திறந்து வேலை செய்யும்போது பின்னால் காவல் நிற்பது அவன் வேலை. கொம்பனிக் காரில் தனியே போவான், திருத்துகிறவரை அந்தந்த இடத்தில் சந்திப்பான், முடிந்ததும் துப்பாக்கியோடு நேரே எங்கள் ஆயுத அறை இருக்கிற டிப்போவுக்கு வருவான். ஒரு நாளும் பிந்தியதில்லை. மனைவி பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தான். பிள்ளை பிறக்கும்போது தானும் சிட்டிசனாக இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை அவனுக்கு.

நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முந்தி பிளாக்டவுனில் ஒன்று நடந்தது. கடைத்தொகுதியின் பின்பக்கம் அவன் காவல் நிற்கும்போது தொப்பி போட்ட ஒருவன் அவனை நோக்கி முழு வேகத்தில் ஓடிவந்திருக்கிறான். கதிரவனின் கை துப்பாக்கி உறைக்குப் போய்விட்டது. கொளுவியைக்கூடத் திறந்துவிட்டான். ஓடிவந்தவன் அவனைத் தாண்டிப்போய் பஸ்ஸில் ஏறினான். பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஆள். அவ்வளவுதான் கதை.

மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். கதிரவன் சிரிக்கவில்லை. சாளரத்துக்கு வரும்போதெல்லாம் தன் வலது கையை ஏதோ வேறு ஆளுடைய கை மாதிரிப் பார்ப்பான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவான். மேலாளரிடம் சொல்லி அவனைக் கொஞ்ச நாள் ஒரு மனநல ஆலோசகரிடம் கதைக்க அனுப்பினோம். சரியாகிவிட்டது என்று அவனும் சொன்னான், நாங்களும் நம்பினோம்.

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் துப்பாக்கியைத் திருப்பித் தரும்போது கேட்டான், "அக்கா, எங்க ஊர்ல ஆயுத பூஜைக்கு ஸ்பேனர்லேர்ந்து தராசு வரைக்கும் சாமி முன்னாடி வெச்சுருவோம். இத வைக்க வழி இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் புத்தகத்தை வைப்போம், தையல் இயந்திரத்தை வைப்போம். துவக்கை வைத்தவர்களும் இருந்திருப்பார்கள், அவர்கள் எங்களைக் கூப்பிடவில்லை. அறையை விட்டு அது பூசைக்குப் போகாது தம்பி, வேண்டுமானால் பெட்டகத்துக்குப் பொட்டு வைப்போம் என்று சொல்லி அடுத்த நாள் காலையில் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். பெட்டகக் கதவில் நானே வைத்தேன். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டான். விசயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவனுக்கு முடியவில்லை.

அன்று பின்னேரம் மற்ற எல்லோரும் வந்துவிட்டார்கள். கதிரவன் வரவில்லை. கடைசி வேலை பிளாக்டவுனில், நேரத்துக்கு முடிந்துவிட்டது என்று திருத்துகிறவர் அறிவித்திருந்தார். நான் தொலைபேசியை எடுக்கப்போக அது தானே அடித்தது.

"அக்கா, கோயில்ல நிக்கிறேன். மேய்ஸ் ஹில்ல. வண்டி ஸ்டார்ட் ஆகல."

எங்கே என்று ஒரே சொல்லில் கேட்டேன். அவனுக்கு விளங்கியது. பின்னால் கோயில் மணியும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. பிறகு சொன்னான், "குளோவ் பாக்ஸ்ல."

நடந்தது இதுதான். பிளாக்டவுனில் இருந்து டிப்போவுக்கு வருகிற வழியில்தான் கோயில். வழிதானே என்று திரும்பியிருக்கிறான். துப்பாக்கியோடு சந்நிதிக்குள் போவது பாவம், சட்டப்படியும் பிழை என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஒரு புத்திசாலித்தனம் செய்தான். பெல்ட்டோடு கழற்றிக் குளோவ் பொக்ஸில் போட்டுப் பூட்டிவிட்டுக் காரை வாகன பூசை வரிசையில் விட்டான். காருக்குப் பூசை நடந்தால் காருக்குள் இருப்பதற்கும் நடந்த மாதிரித்தானே. அது கோயிலுக்குள்ளும் போகவில்லை, சாமியிடம் காட்டியும் ஆயிற்று. இப்படி ஒரு யோசனை உலகத்தில் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும்.

விசேட நாள், வரிசை நீளம். கதவுகளைத் திறந்து, விளக்கைப் போட்டு, பாட்டையும் போட்டுக்கொண்டு காத்திருந்ததில் பற்றரி இறங்கிவிட்டது. ஐயர் தேசிக்காயைச் சில்லுக்கு அடியில் வைத்து, தேங்காய் உடைத்து, இனிக் காரை அதன்மேல் ஏற்றும் என்கிறார். கார் அசையவில்லை. நான்கு சில்லின் கீழும் நான்கு தேசிக்காய் முழுதாகக் கிடக்கின்றன. பின்னால் நின்ற கார்க்காரர்கள் உதவிக்கு வந்துவிட்டார்கள். ஒரு அங்கிள் ஜம்பர் கேபிள் தேடி முன் ஆசனத்தில் ஏறிக் குளோவ் பொக்ஸை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தங்கமே வைச்சிருக்கிறீர், பூட்டிக் கிடக்குது?" என்று கேட்டிருக்கிறார். எடுத்து இடுப்பில் கட்டினால் அத்தனை குழந்தைகள் முன்னால் துப்பாக்கி வெளியே வரும். கட்டாமல் விட்டால் அது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. அவன் அழாமல் இருக்கப் பாடுபடுவது எனக்குக் கேட்டது.

"யாருக்கும் தெரிய வேணாம்க்கா. யாரையாவது ஒரு கேபிளோட அனுப்புங்க. அவ நெறமாசமா இருக்கா."

அறைக்கு வெளியே சேவியர் நின்றார். மன்னார்க்காரர், எங்களில் மூத்த காவலர், ஊருக்கு உதவுகிற மனுசன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கார்த் திறப்புக் கொத்தைக் கையில் எடுத்துவிட்டார். தான் தன்னுடைய காரில் போய் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொன்னார். இல்லாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது என்றார். கார் பழுதானது உண்மை. பழுதானதால் ஓரமாகக் கோயிலுக்குள் திருப்பியதாகச் சொன்னால் யார் மறுக்க முடியும்? அது நல்ல பொய். கொம்பனிக்கும் நல்லது, கதிரவனுக்கும் நல்லது, அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கும் நல்லது. என் மனம் அதன் பக்கம் போனது. அந்தப் பையனுக்காக நான் எதையும் செய்திருப்பேன், பிள்ளைகளே.

ஆனால் பச்சை குத்தியிருந்த அவளுடைய கைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. இடுப்பு, பெட்டகம். சேவியரின் கார் இரண்டிலும் இல்லை. ஒருவரிடம் ஒப்படைத்த துப்பாக்கியை இன்னொருவர் தன் சொந்தக் காரில் கொண்டுவந்தால், ஒரு பிழை இரண்டு பிழை ஆகும். வழியில் அவருக்கும் ஏதாவது நடந்தால் மூன்று. இப்போது இருப்பது ஒரு முட்டாள்தனம் மட்டும், மறைத்தால் அது குற்றம் ஆகிவிடும். இதை நான் அப்போது இவ்வளவு ஒழுங்காக யோசித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். "திறப்பை வையுங்கோ சேவியர்" என்றுதான் வாயில் வந்தது.

கதிரவனுக்குச் சொன்னேன், "முன் சீற்றிலை ஏறிக் கதவைப் பூட்டும். குளோவ் பொக்ஸிலை கை வைக்க வேண்டாம். ஆர் கேட்டாலும் இறங்க வேண்டாம். போனை வைக்காதையும். நான் பொலிசுக்குப் போன் அடிக்கப்போறன்."

"அக்கா, வேணாம்க்கா" என்றான். நான் மற்றத் தொலைபேசியை எடுத்துவிட்டேன்.

முதலில் மேலாளர். அவர் கெட்ட மனுசன் இல்லை, ஆனால் வங்கி ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் அது. கேட்டுவிட்டு, எனக்குக் கொஞ்ச நேரம் கொடு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். உங்களுக்குத் தேவையான நேரத்தை எடுங்கள், அதற்கிடையில் நான் பொலிசுக்கு அறிவிக்கிறேன் என்றேன். என் வேலை அந்த வசனத்தோடு போகலாம் என்று தெரியும். பிறகு அவர் சொன்னார், நீ அழை, நான் கார் எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன். இன்றைக்கும் அந்த மனிதருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். அவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நான் அழைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் அதைச் சோதித்துப் பார்க்க விடவில்லை.

இரண்டு பொலிஸார் வந்தார்கள். சைரன் இல்லை, ஓட்டம் இல்லை. ஒருத்தி மிக இளம் பெண். கதிரவனின் தொலைபேசி திறந்தே இருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது. அவள் முதலில் செய்தது, கூட நின்ற அங்கிள்மாரிடம் பிள்ளைகளைப் பிரசாதம் வாங்க உள்ளே கூட்டிப்போகச் சொன்னதுதான். எவருக்கும் ஏன் என்று தெரியவில்லை, எல்லோரும் போனார்கள். பிறகு கதவுக்குப் பக்கத்தில் வந்து அவனிடம் மெதுவாகக் கேட்டாள். இதை வைத்துக்கொண்டு நீ எங்கே போய்க்கொண்டிருந்தாய்?

இந்தக் கேள்வியை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அங்கே துவக்கு வைத்திருப்பவர்கள் எங்களிடம் கேட்பார்கள். எங்கே போகிறாய், எங்கே இருந்து வருகிறாய், பையில் என்ன. என் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்று பதில் சொல்லுவார். நாங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்ப்போம். துவக்கு வைத்திருந்த எவரிடமும் எவரும் எதையும் கேட்டதை நான் கண்டதில்லை. அந்தச் சாளரத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு, தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, துப்பாக்கி வைத்திருந்தவனை ஒரு சின்னப் பெண் கேள்வி கேட்பதைக் கேட்டேன். கண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பிரியமான பையன் மாட்டிக்கொண்டு நிற்கிறான், எனக்கோ இந்த நாட்டின் மேல் நன்றி பொங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுசிக்கு வரலாம்.

கார் பழுதானது என்று அவன் சொல்லியிருக்கலாம். நான் அவனுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் தன் உடைந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னான். பூசைக்குக் கொண்டுவந்தேன், டிப்போவுக்குத்தான் போயிருக்க வேண்டும், நான் திரும்பிவிட்டேன் என்றான்.

அவள் கேட்டாள், பூசை என்றால் என்ன வேண்டிக்கொண்டாய்?

அவன் சொன்னான், இதை நான் ஒரு நாளும் வெளியே எடுக்கக்கூடாது என்று.

பிறகு அவள், நீ இப்போது மெதுவாக இறங்கு, அதை நானே எடுக்கிறேன் என்றாள். குளோவ் பொக்ஸ் திறக்கிற சத்தம் கேட்டது. எவரோ கேபிள் கொடுத்துக் காரை ஸ்டார்ட் பண்ணினார்கள். மேலாளர்தான் அதை ஓட்டிக்கொண்டு வந்தார். தேசிக்காய் நான்கும் அவர் ஓட்டும்போது நசுங்கியிருக்கும். அவருக்கு அது என்னவென்றே தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது இனிப்பான கதை இல்லை. அவன் லைசென்ஸ் அன்றே நிறுத்தப்பட்டது, பிறகு ரத்தானது. வேலையும் போனது. விசாரணை முடியும்வரை அவன் மனைவி நித்திரை கொள்ளவில்லை. நாங்களே முந்திக்கொண்டு அறிவித்ததையும், கேட்டதும் அவன் உண்மை சொன்னதையும் கணக்கில் எடுத்தார்கள் என்று மேலாளர் பிறகு சொன்னார். எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள், நீதிமன்றத்துக்குப் போகவில்லை. எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நினைக்காதீர்கள். இதைவிடச் சின்னப் பிழைக்கு மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணியவர்களும் உண்டு. குடியுரிமைக் கடிதம் பிந்தியது. பிள்ளை முதலில் வந்துவிட்டது, கடிதம் பிறகு வந்தது.

குழந்தை பிறந்ததைக் கேள்விப்பட்டு நான் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறியும் பிள்ளைக்கு உடுப்பும் கொண்டு போனேன். கதிரவன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டான். மனைவிதான் இருந்து கதைத்தாள். வெளிக்கிடும்போது வாசல்வரை வந்தான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "சாமி நான் கேட்டதக் குடுத்துட்டாருக்கா. இனிமே அத எடுக்கவே வேணாம்." அது கோபமா பகிடியா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. கார் ஓட்டிக்கொண்டு வரும்போது முழு வழியும் அழுதேன். நான் செய்தது சரி என்று தெரிந்தும் அழுதேன். சரியானதைச் செய்தால் மனம் இலேசாகும் என்று எவராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

குவீன்ஸ்லாந்தில் இருந்தவளைத் தேடிப்பிடித்து அதற்குப் பிறகுதான் தொலைபேசியில் நன்றி சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். இடுப்பு, பெட்டகம் என்றேன். அவளுக்கு அப்படிச் சொன்னதே நினைவில் இல்லை. கோப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

போன மாதம் பிளாக்டவுனுக்கு மரக்கறி வாங்கப் போனேன். கடைத்தொகுதியில் ஒரு ஏ.டி.எம். இயந்திரம் திறந்து கிடந்தது. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, கைகள் எல்லாம் கறுப்பாக, ஒருவன் குந்தியிருந்தான். கதிரவன். அவன் இயந்திரம் திருத்தப் படித்தது எனக்குத் தெரியும், வேலை செய்வதை அன்றுதான் கண்டேன். அவனுக்குப் பின்னால் ஒரு காவலர் நின்றார். உங்களுக்குக் கொஞ்சம் முந்தி வேலைக்குச் சேர்ந்தவர்தான், இப்போது பின்வரிசையில் இருந்து சிரிக்கிறார், பெயர் சொல்லவில்லை. நான் தூரத்தில் நின்று பார்த்தேன். கதிரவன் பூட்டை மூடிவிட்டு எழும்பினான், கையைத் துடைத்தான். சத்தமாகச் சொன்னான், "முடிஞ்சிருச்சு தம்பி. இப்ப நேரா எங்க போவ?"

"டிப்போவுக்கு அண்ணா."

"வழியில கோயில் வருமே?"

"வரும் அண்ணா. நான் நிப்பாட்ட மாட்டன்."

"எங்க இருக்கு?"

அந்தப் பிள்ளை கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இடுப்பிலை அண்ணா" என்றது. கதிரவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பியபோது என்னைக் கண்டான். கறுப்பு ஒட்டிய அந்த வலது கையை உயர்த்தி, இந்த முறை என் முகத்தைப் பார்த்து, "வாங்கக்கா, டீ குடிக்கலாம்" என்றான்.